அம்மா கேட்ட ஆயுள் கடிகாரம்

அத்தியாயம் 9

போன வாரம் விட்ட இடம் இது: அண்ணனும் அப்பாவும் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் உண்மையைச் சொன்னார்கள். அம்மாவின் வயிற்றில் இருப்பது புண் இல்லை, கட்டி. அறுத்து எடுத்தால் பிழைக்கலாம், அறுக்கும்போதே போகவும் போகலாம், பாதிக்குப் பாதி என்று டாக்டர் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார். இவர்கள் இருவரும் கூடிப் பேசி, "அறுவை வேண்டாம், மாத்திரை போதும்" என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், 'வயித்துல புண்ணு, நேரத்துக்குச் சாப்பிடணும்.'

"நீயும் வாயைத் திறக்கக் கூடாது" என்று அண்ணன் சத்தியம் வாங்கினான். நான் செய்து கொடுத்தேன். அதற்காக இந்த வாரம் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். திட்டினேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

இன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுதப் பார்க்கிறேன். கோபத்தில் ஏதாவது முன்பின் ஆகியிருக்கலாம்.

எங்கள் கடையைத் தெருவில் எல்லோரும் 'சாவுக் கடை' என்பார்கள். நாங்கள் விற்பது நகையும் கடிகாரமும்தான். ஆனால் மோதிரத்தில் மண்டையோடு இருக்கும். தோடு சவப்பெட்டி வடிவத்தில் தொங்கும். பதக்கத்துக்குள் மணல் இறங்கிக்கொண்டே இருக்கும். 'மறக்காதே, நீயும் ஒரு நாள்' என்று முகப்பில் எழுதிய கைக்கடிகாரங்கள் ஒரு தட்டு நிறைய. எல்லாம் அண்ணனுடைய மூளை. இளைஞர்கள் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். அம்மா அவனை 'எமனோட கமிஷன் ஏஜென்ட்' என்பாள். ஆனால் கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விற்பது அவள்தான். அவளைப் போல விற்க யாராலும் முடியாது. மண்டையோட்டு மோதிரத்தை எடுத்துவிட்டுத் தயங்கி நிற்பவனிடம், "போட்டுக்கோ தம்பி. எப்பவும் உள்ளேயே கெடக்குது, கொஞ்சம் வெளிய காத்து வாங்கட்டும்" என்பாள். அவன் சிரித்துவிட்டால் முடிந்தது.

கடையில் அதிகம் விற்பது ஆயுள் கடிகாரம். வழக்கமான முட்களோடு குட்டையாக ஒரு சிவப்பு முள் இருக்கும். அது ஒரு முழுச் சுற்று சுற்ற எண்பது வருடம் ஆகும். எல்லோருக்கும் எண்பது, அதுதான் எங்கள் கணக்கு. வாங்குகிறவர் பிறந்த வருடத்தைச் சொன்னால், அவர் இதுவரை வாழ்ந்த பங்கு எவ்வளவோ அந்த இடத்தில் முள்ளை வைத்துக் கொடுப்போம். மிச்சம் எவ்வளவு என்று அவரே பார்த்துக்கொள்ளலாம். முள்ளை வைப்பது என் வேலை. பின்பக்கப் பட்டறையில், மாலை வகுப்புக்குக் கிளம்பும் வரை, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் அண்ணனுக்கு நான் 'பூதக்கண்ணாடி'.

இதில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலில் இதை வாங்கிய பெரியவருக்கு முள் நின்ற இடத்தைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. அம்மா சட்டென்று, "அதை விடுங்க சார், என்னைப் பாருங்க. இன்னும் நெறைய இருக்கு" என்றாள். அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து யாருக்குக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் நீட்டி, "இன்னும் நெறைய இருக்கு" என்று சொல்லித்தான் கொடுப்போம். தொண்ணூறு வயதுக்காரர் வந்தாலும் அதேதான்.

இன்று காலை அம்மா பட்டறைக்குள் வந்தாள். கையில் ஒரு புது ஆயுள் கடிகாரம்.

"எனக்கு ஒண்ணு வச்சுக் கொடு."

"இப்ப எதுக்கும்மா?"

"ஊருக்கெல்லாம் கட்டி விடுறேன், என் கை மட்டும் மொட்டையா இருக்கு. நேத்து ஒரு பொண்ணு கேக்கிறா, 'நீங்க ஏன் ஆன்ட்டி கட்டல, பயமா?'ன்னு. என் மானமே போச்சு."

"அண்ணன்கிட்ட கேட்டியா?"

"அவன்கிட்ட எதுக்குக் கேக்கணும்? கேட்டா, அப்புறம் அப்புறம்னு இழுத்தடிக்கிறான். வை."

மறுத்தால் காரணம் கேட்பாள். நான் கடிகாரத்தின் கண்ணாடியைக் கழற்றி, இடுக்கியால் சிவப்பு முள்ளைப் பிடித்தேன். அவள் வயதுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சுற்றில் முக்கால் பங்கு நெருங்கும் இடம். அங்கே வைத்தேன். ஒரே மூச்சில் வைத்துக் கண்ணாடியை மூடி அவளிடம் நீட்டினேன்.

அவள் கட்டிக்கொண்டாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லு."

"என்னம்மா?"

"கொடுக்கும்போது சொல்றதைச் சொல்லு. நான் மட்டும் என்ன ஓசி கிராக்கியா?"

வாயைத் திறந்தேன். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை சொல்லும் வார்த்தைகள்தான். தொண்டையைத் தாண்டி வரவில்லை. சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. எண்பது கணக்கு அவளுக்குப் பொய் என்று தெரிந்தே முள்ளை வைத்த கைக்கு வந்த துணிச்சல் வாய்க்கு வரவில்லை.

"சொல்லுடி."

நான் மேசையைப் பார்த்தேன்.

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "வீட்டுக் கதவைப் பூட்டிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கிற பொண்ணு நீ. ஒவ்வொரு முள்ளையும் வச்சு, எடுத்து, பொறந்த வருஷத்தை மறுபடி கேட்டு, மறுபடி வைப்ப. இன்னைக்கு ஒரே தடவையில மூடிட்ட. நானும் பார்த்துட்டுத்தான் இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "என் வயித்துல இருக்கிறது புண்ணு இல்லையா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றா, ஆமாம் என்றா, எனக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யார் யாருக்குத் தெரியும்?"

"அண்ணனுக்கு. அப்பாவுக்கு."

"எப்ப இருந்து?"

"ஒரு மாசமா. எனக்கு ஒரு வாரம்."

அதற்குமேல் மறைக்க எதுவும் மிச்சமில்லை. கட்டி, அறுவை, பாதிக்குப் பாதி, அவர்கள் சொன்ன பதில், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. எழுந்து முன்பக்கம் போனாள். செருப்பு தரையில் அறைந்த சத்தத்திலேயே தெரிந்தது, அது அழுகை இல்லை.

அண்ணன் ஒரு இளம் ஜோடிக்கு மோதிரம் காட்டிக்கொண்டிருந்தான். அம்மா நேராகப் போய்க் கதவில் தொங்கிய பலகையைத் திருப்பிப் போட்டாள்.

"கடை மூடியாச்சு."

"ஆன்ட்டி, இந்த ஜோடி மோதிரம் மட்டும்..." என்று அந்தப் பையன் இழுத்தான்.

"நாளைக்கு வாங்க தம்பி. அதுக்குள்ள செத்தா போயிடுவீங்க?"

ஜோடி வெளியேறியது. அண்ணன் அம்மாவைப் பார்த்தான், அவள் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். "ஏய் பூதக்கண்ணாடி..."

"அவளை எதுக்குப் பார்க்கிற? என்னைப் பாரு."

"அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு."

"ஒரு மாசமா சொல்லாதவன், இப்ப என்னத்தைச் சொல்லப் போற?"

"உனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டேன்னுதாம்மா..."

"எதைடா தாங்க மாட்டேன்?" அம்மா கண்ணாடி அலமாரியைத் திறந்து மோதிரத் தட்டை எடுத்து அப்படியே மேடைமேல் கவிழ்த்தாள். மண்டையோடுகள் உருண்டு ஓடின. "பொழுது விடிஞ்சா பொழுது போனா நான் விக்கிறது இதைத்தானே? 'மறக்காதே, நீயும் ஒரு நாள்'னு உன் வாட்ச்ல எழுதி வச்சிருக்கியே, யாருக்குடா அது? ஊரான் பெத்த பிள்ளைக்கு மட்டுமா?"

"அது வியாபாரம்மா."

"ஓ. வியாபாரம்."

அவள் அதைத் திருப்பிச் சொன்ன விதத்தில் அண்ணன் ஒரு அடி பின்னால் போனான். பிறகு அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "சரி, சொல்றேன். பாதிக்குப் பாதிம்மா! நீ அந்த டேபிள் மேலேயே போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"பார்த்தியா? நீ என்ன பண்ணுவேன்னு கேக்கிற. நான் என்ன பண்ணணும்னு என்னை ஒரு தடவை கேட்டியா?"

நான் இடையில் புகுந்தேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. "மாத்திரை போதும்னு டாக்டர் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க."

"நீ பேசாத! நேத்து வரைக்கும் நீயும் வாயை மூடிட்டுத்தானே இருந்த?"

அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அவ கணக்கு தனி. அதை அப்புறம் தீர்த்துக்கிறேன்" என்றாள். பிறகு போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். "கடைக்கு வாங்க." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாரோ, கையெல்லாம் கிரீஸோடு ஓடி வந்தார். "என்ன ஆச்சு? ஷார்ட் சர்க்யூட்டா?" என்று மேலே, கூரையைப் பார்த்தார்.

"மேல ஒண்ணும் இல்ல. இங்க பாருங்க" என்றாள் அம்மா.

அவர் பார்த்தார். தரையில் கிடந்த மோதிரங்களைப் பார்த்தார். புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"ஒரு மாசமா நீங்க என்கூட ஒரு சண்டை போடல. நெனைவிருக்கா?"

அப்பா தலையை ஆட்டினார்.

"உப்பு மறந்து சமைச்சாலும் 'நல்லா இருக்கு'ன்னீங்க. காஞ்ச துணியை நீங்களா எடுத்து மடிச்சீங்க. டிவி ரிமோட்டை என் கையில கொடுத்தீங்க! இத்தனை வருஷத்துல அதைச் செஞ்சிருக்கீங்களா? நானும் ஒரு முட்டாள். வயசாச்சு, மனுஷன் திருந்திட்டாருன்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுல பெருமை வேற அடிச்சுக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சிரிப்பு வந்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது.

அப்பா மெதுவாகச் சொன்னார். "என் தங்கச்சி ஆபரேஷன் தியேட்டருக்குள்ள நடந்துதான் போனா. கையை ஆட்டிட்டுப் போனா. திரும்பி வரல."

"தெரியும். நானும்தான் வாசல்ல நின்னேன்." அம்மாவின் குரல் ஒரு கணம் இறங்கியது, உடனே ஏறியது. "ஆனா அவகிட்ட கேட்டாங்க. 'பண்ணிக்கிறியா'ன்னு கேட்டாங்க, 'சரி'ன்னு சொன்னா. அது அவ வயிறு, அவ பதில் சொன்னா. இது என் வயிறு. பதில் மட்டும் உங்களுதா?"

அப்பா கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். பிறகுதான் அதைச் சொன்னார்.

"டாக்டர் திரும்பவும் போன் பண்ணினாங்க. யோசிக்கிறதா இருந்தா சீக்கிரம் யோசிங்கன்னாங்க. இன்னும் பெருசாச்சுன்னா, அப்புறம் ஆசைப்பட்டாலும் அறுக்க முடியாதாம்."

"எப்பப்பா?" என்று கத்தியது அண்ணன். "எப்ப போன் பண்ணினாங்க? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னுதான்..."

அம்மா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் கேட்டதில்லை, இனிமேல் கேட்கவும் வேண்டாம். "நல்ல குடும்பம். கேட்டுக்கோடா. இப்ப உனக்கு எப்படி இருக்கு? அப்படித்தான் எனக்கும் இருக்கு" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"எங்கம்மா போற?"

"டாக்டரைப் பார்க்க. வழி தெரியும். கால் இருக்கு, வாயும் இருக்கு."

நாங்கள் மூவரும் பின்னாலேயே ஓடினோம். கடையைப் பூட்டினோமா என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துவிட்டாள். நாங்கள் மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

டாக்டர் இளம்பெண். எங்களைப் பார்த்ததும் எழுந்து, அம்மாவைத் தாண்டி அண்ணனிடம் கேட்டார். "அம்மாவுக்கு விஷயம் எந்த அளவுக்கு..."

"டாக்டரம்மா, நான் இங்க இருக்கேன்" என்றாள் அம்மா. "வயிறும் என்கூடத்தான் வந்திருக்கு. என்கிட்ட பேசுங்க."

டாக்டர் முகம் சிவந்தது. "மன்னிச்சுக்கோங்க. உக்காருங்க."

"நான் கடையில பொருள் விக்கிறவ. வர்றவங்ககிட்ட ஒண்ணை மட்டும் காட்டி, இதுதான் இருக்குன்னு சொன்னா அது ஏமாத்து வேலை. உங்ககிட்ட என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடுத்து மேசை மேல வைங்க. ஒவ்வொண்ணுக்கும் என்ன நல்லது, என்ன கெட்டதுன்னு சொல்லுங்க. நான் பார்த்து எடுத்துக்கிறேன்."

டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். அறுவை. அறுவை இல்லாமல் ஊசி மருந்து மட்டும். எதுவும் வேண்டாமென்றால் வலி தெரியாமல் இருக்க மருந்து. முதலாவதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அண்ணன், "டாக்டர், அதுல ரிஸ்க் எவ்வளவுன்னு அம்மாகிட்ட..." என்று தொடங்கினான்.

"வெளிய போ" என்றாள் அம்மா.

"அம்மா..."

"மூணு பேரும் போங்க."

நானும் எழ வேண்டுமா என்று தயங்கினேன். உண்மையைச் சொன்னவள் நான்தானே என்று ஒரு நினைப்பு. அவள் என்னைப் பார்த்தாள். "உனக்குத் தனியாச் சொல்லணுமா? போ."

வெளியே நீண்ட தாழ்வாரம். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்தார். நானும் அண்ணனும் பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சண்டை போட்டோம்.

"அவளுக்கு நிம்மதியா ஒரு மாசம் கெடைச்சுதே, அதை நீ கெடுத்துட்ட" என்றான்.

"அது நிம்மதியா? அது திருட்டு. அவளோட ஒரு மாசத்தை எடுத்து நீங்க ரெண்டு பேரும் செலவு பண்ணினீங்க."

"பெருசா பேசாத. நீ ஒண்ணும் அவளுக்காகச் சொல்லல. உன்னால வச்சுக்க முடியல, கக்கிட்ட. உனக்குப் பாரம் இறங்கிடுச்சு. அவ்வளவுதான்."

அறைந்திருக்கலாம். அறையவில்லை. அவன் சொன்னது முழுப் பொய் என்றால் அறைந்திருப்பேனோ என்னவோ. நான் தைரியத்தில் சொல்லவில்லை. வாய் வராமல் மாட்டிக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று இப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்த அறைக்குள் அம்மா போயிருக்க மாட்டாள். அதை மட்டும் அவனிடம் சொன்னேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அப்போதும் எனக்கு அவன்மேல் கோபம் தணியவில்லை.

கதவு திறந்தது. அம்மா வெளியே வந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். கண் கலங்கியிருந்ததா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். "என்ன முடிவு பண்ணின?" என்றார் அப்பா.

"பண்ணிட்டேன்."

"என்னன்னு?"

"சொல்ல மாட்டேன்."

அப்பா விழித்தார். "என்னது?"

"ஒரு மாசம் நீங்க தெரிஞ்சு வச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பார்த்துட்டு இருந்தீங்க இல்ல? இப்ப என் முறை. நான் தெரிஞ்சு வச்சிருக்கேன். நீங்க என் மூஞ்சியைப் பார்த்துட்டு இருங்க."

"இதுல விளையாட்டாம்மா?" அண்ணன் குரல் உடைந்தது.

"யாருடா விளையாடறா? உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்க." அவள் அதைச் சொல்லிவிட்டு நடந்தாள்.

அப்பா டாக்டரின் அறைக் கதவைத் தட்டினார். டாக்டர் கதவைப் பாதி மட்டும் திறந்து, "அவங்க சம்மதம் இல்லாம நான் எதுவும் சொல்ல முடியாது சார்" என்றார்.

"போன மாசம் எங்ககிட்ட சொன்னீங்களே?"

"சொல்லியிருக்கக் கூடாது" என்றார். கதவு மூடியது.

தாழ்வாரத்தின் கோடியில் அம்மா நின்று திரும்பினாள். "கீழ கேன்டீன் இருக்கு. எனக்குப் பசிக்குது. வர்றவங்க வரலாம். ஆனா சாப்பிடும்போது யாராவது என்னையே பார்த்துட்டு இருந்தீங்க, எழுந்து போயிடுவேன்."

போனோம். ஒரே மேசையில் நான்கு பேர். அம்மா நன்றாகவே சாப்பிட்டாள். நாங்கள் மூவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழக்கதோஷத்தில் அப்பா தன் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து அவள் தட்டில் வைக்கப் போனார். "வேண்டாம்" என்றாள். அவர் கை அந்தரத்தில் நின்று திரும்பியது.

அப்போது ஒரு நர்ஸ் வேகமாக வந்தாள். எங்கள் மேசையருகே நின்று மூச்சு வாங்கினாள்.

"அம்மா, டாக்டரோட பேனாவை எடுத்துட்டு வந்துட்டீங்க."

அம்மா பைக்குள் கையை விட்டுத் துழாவிப் பேனாவை எடுத்தாள். "அட ஆமா. கையெழுத்துப் போட்ட அவசரத்துல மறந்துட்டேன்."

அண்ணன் பாதி எழுந்துவிட்டான். "கையெழுத்தா? சிஸ்டர், எதுல போட்டாங்க? பண்ணிக்கிறேன்னா, வேண்டாம்னா?"

நர்ஸ் அண்ணனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கடைசியில் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா பேனாவை அவள் கையில் வைத்தாள். "ரொம்ப நன்றிம்மா. இவங்க என் பின்னால வந்தவங்க. இவங்களுக்கு நீங்க ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம்."